மருத்துவ அறிக்கையில் புள்ளியும் எழுத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவ அறிக்கை என்பது ஒருவர் எழுத, மற்றொருவர் படித்து, படித்தவுடன் செயற்படும் பனுவல். எழுதியவர் அருகில் இல்லாத வேளையிலும், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் அதைப் படித்து மருந்து கொடுக்கிறார். மருந்தாளுநர் அதைப் படித்து மருந்து எடுக்கிறார். இலக்கியப் பனுவலில் ஒரு புள்ளி இடம் மாறினால் நயம் குன்றும். மருத்துவ அறிக்கையில் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்தின் அளவு பத்து மடங்காகும்.

மருத்துவத் தமிழ் பற்றிய நம் உரையாடல் பெரிதும் கலைச்சொல்லையே சுற்றி நடந்துவந்துள்ளது. அதற்குப் போதிய காரணம் உண்டு. 1847இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், கட்டரின் உடற்கூற்று நூலை 1857இலும், கிரேயின் உடற்கூற்று நூலை 1872இலும் தமிழில் வெளிக்கொணர்ந்தபோது அவர் முன் நின்ற முதற் சிக்கல் சொல்லே. எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் வேண்டியிருந்தது. ஆனால் மருத்துவ எழுத்தில் சொல்லைப் போலவே பொருள் சுமக்கும் வேறொரு அடுக்கும் உண்டு. எழுத்தின் வடிவம், நிறுத்தக்குறி, சொல்லிடைவெளி, எண்ணை எழுதும் முறை ஆகியவை அவ்வடுக்கைச் சார்ந்தவை. இவை அணி செய்ய வந்தவை அல்ல. பெரும்பாலும் பிழைகளிலிருந்து பிறந்த காப்புகள். ஆகவே மொழிபெயர்ப்பாளர் இவற்றை அப்படியே படியெடுத்தல் போதாது. இவை ஆற்றும் பணியைத் தமிழில் எது ஆற்றும் என்று கண்டு பெயர்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. சிவப்பு மையும் ஓரக் குறியும்

மருத்துவ அறிக்கையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எகிப்தின் எட்வின் ஸ்மித் தாள்சுவடி. 1862இல் லக்சர் நகரில் விலைக்கு வாங்கப்பெற்ற இச்சுவடியை 1930இல் ஜேம்ஸ் பிரெஸ்டெட் பதிப்பித்தார். ஏறத்தாழக் கி.மு. 1600ஐச் சார்ந்த இப்படியில் 48 நோயாளர் நேர்வுகள் இடம்பெறுகின்றன. தலைப்பு, பரிசோதனை, முடிபு, சிகிச்சை என ஒரே வைப்புமுறை தொடர்கிறது. எழுதியவர் கறுப்பு, சிவப்பு என இரு மைகளைப் பயன்படுத்தியுள்ளார். தலைப்பும் இன்றியமையாத தொடர்களும் சிவப்பில் அமைந்தன. இன்றைய அறிக்கையில் தடித்த எழுத்து ஆற்றும் பணியை அன்று மையின் நிறம் ஆற்றியது. தேடுபவரின் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுதுபவரே முடிவு செய்துவிட்டார்.

கிரேக்க மரபில் இப்போக்கு வேறு வகையில் வெளிப்பட்டது. இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் ‘கொள்ளைநோய்கள்’ என்னும் தொகுதியின் முதலாம், மூன்றாம் நூல்களில் 42 நோயாளர் வரலாறுகள் உள்ளன. நாள் எண்ணிக்கையோடு கூடிய சிறுசிறு தொடர்கள் அவற்றின் நடை. மூன்றாம் நூலின் படிகளில் வரலாறுகளின் இறுதியில் சில எழுத்துக் குறிகள் காணப்பட்டன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் இக்குறிகளைத் தம் உரையில் விரிவாக ஆராய்ந்தார். தொடக்கத்தில் நிற்கும் பை என்னும் எழுத்து ‘நம்பத்தக்கது’ என்பதையும், இறுதியில் நிற்கும் தீட்டா இறப்பையும், உப்சிலான் நலம் பெற்றதையும் குறிக்கும் என்பது அவர் தரும் விளக்கம். குறிகளை இட்டவர் யார், அவை மூலநூலுக்கு உரியனவா என்னும் வினாக்கள் அன்றே எழுந்தன. சுருக்கக்குறி எழுதியவருக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது. படிப்பவருக்கோ உரையாசிரியர் தேவைப்படுகிறார். மருத்துவச் சுருக்கக்குறிகளின் வரலாறு முழுவதிலும் இம்முரண் தொடர்ந்து வருகிறது.

2. ஏட்டில் எழுதிய அளவு

தமிழ் மருத்துவ ஏடுகளிலும் இம்முரண் உண்டு. ஆனால் அதன் உருவம் வேறு. ஓலையில் எழுத்தாணியால் எழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடவில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவில் வேறுபடவில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றின. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் நெட்டெழுத்துக்குத் தனி வடிவம் வகுத்த பின்னரே இவற்றுட் சில தெளிவுற்றன. சொற்களுக்கு இடையே வெளியும் இல்லை.

எண்களின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழ் எண்களுட் பல எழுத்துகளோடு வடிவொப்புமை உடையவை. ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், நான்கு சகரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்திருக்கும். புள்ளியும் இடைவெளியும் இல்லாத வரியில் ஓர் அகரம் சொல்லின் முதலெழுத்தா, எட்டு என்னும் அளவா என்று படிப்பவர் தடுமாறக்கூடும். இவ்விடர்ப்பாட்டுக்கு மரபு கண்ட தீர்வு யாப்பு. பாடலில் அளவு பெரிதும் எண்ணுக்குறியாக நில்லாமல் சொல்லாக நின்றது. அளவை மாற்றினால் சீர் சிதையும். எதுகை மோனை கெடும். படியெடுப்பவரின் கைப்பிழையைச் செவி பல நேரங்களில் காட்டிக்கொடுத்தது.

மற்றொரு காப்பு எண்முறையிலேயே அமைந்திருந்தது. மரபான தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன: ௰, ௱, ௲. சுழிக்கு அம்முறையில் இடம் இல்லை. தமிழ்ச் சுழி ஒருங்குறியில் சேர்ந்ததே 2005இல்தான். பின்னங்களும் தனிப்பெயர் பெற்றன. இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. கணக்கிடுவதற்கு இம்முறை இன்றைய முறையைவிடக் கடினமானது. எனினும், ஒரு சுழியைக் கூடுதலாகப் படித்துப் பத்து மடங்கு கொடுத்துவிடும் பிழை இம்முறையில் எழ இடமில்லை. ஒவ்வோர் எழுத்துமுறையும் தனக்கே உரிய காப்புகளையும் தனக்கே உரிய இடர்களையும் கொண்டிருக்கிறது என்பதற்கு இது தக்க சான்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பழைய காப்பு நீங்கிவிடுகிறது. புதிய இடர் வந்து சேர்கிறது.

3. புள்ளியும் சுழியும்

ஐரோப்பிய மருந்துச் சீட்டுகளில் நெடுங்காலம் ட்ராம், அவுன்சு என்னும் அளவுகள் வழங்கின. இரண்டுக்கும் உரிய குறிகள் மூன்று என்னும் எண்ணைப் போன்றவை. அவுன்சின் குறியில் மேலே ஒரு வளைவு கூடுதல், அவ்வளவே. எட்டு ட்ராம் ஓர் அவுன்சு ஆதலால், அவ்வளைவு ஒன்றே எட்டு மடங்கு வேறுபாட்டைச் சுமந்தது. மருந்தின் எண்ணிக்கை உரோமானியச் சிற்றெழுத்துகளில் எழுதப்பட்டது. மூன்று என்பதற்கு மூன்று நிலைக்கோடுகள் வேண்டும். அவற்றுள் கடைசிக் கோட்டைக் கீழே நீட்டி வளைத்து எழுதினர். பின்னால் வேறொருவர் இன்னொரு கோட்டைச் சேர்க்க இயலாதபடி எண் அங்கே அடைபட்டது. எழுத்தின் வடிவமே பூட்டாக அமைந்த இவ்வழக்கம் மருத்துவ எழுத்துமுறையின் நுண்ணறிவுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

பதின்ம முறை இந்நிலையை மாற்றியது. 1585இல் சைமன் ஸ்டெவின் வெளியிட்ட சிறுநூல் பதின்மப் பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பியது. பின்னர் முழு எண்ணையும் பின்னத்தையும் பிரிக்கச் சில நாடுகள் புள்ளியையும் சில நாடுகள் காற்புள்ளியையும் ஏற்றன. இலண்டனின் ‘லான்செட்’ இதழ் புள்ளியை வரியின் நடுவே உயர்த்தி அச்சிடும் மரபை நெடுங்காலம் பேணியது. 2003இல் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு புள்ளி, காற்புள்ளி இரண்டையும் பதின்மக் குறியாக ஏற்றது. நீண்ட எண்களை மூன்று மூன்றாகப் பிரிக்க வெறும் இடைவெளியையே பயன்படுத்துமாறும் கூறியது. இந்தியாவிலோ காற்புள்ளி இலட்ச, கோடிக் கணக்கில் அமைகிறது. குருதித் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஓர் ஆய்வகம் 1,50,000 என்றும், மற்றொன்று 150,000 என்றும், வேறொன்று 1.5 இலட்சம் என்றும் தருகின்றன. மூன்றும் ஒன்றே, ஆயினும் மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவர் ஒவ்வொரு முறையும் மனத்துள் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்தாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருந்துப் பிழைகளைத் தொகுத்து ஆராயத் தொடங்கியபோது இக்குறிகளின் இடர் வெளிப்பட்டது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு ஏற்பளிக்கும் ஜாயிண்ட் கமிஷன் 2004இல் ‘பயன்படுத்தக் கூடாதவை’ என்றொரு பட்டியலை வகுத்தது. மொழியியலாளர் படிக்கத்தக்க ஆவணம் அது. முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடக் கூடாது. புள்ளி மங்கினால் 1.0 என்பது 10 ஆகும். பின்னத்துக்கு முன் சுழி இடாமல் இருக்கக் கூடாது; .5 என்பது 5 ஆகும். முதல் நேர்வில் சுழி இடர். இரண்டாவதில் சுழியே காப்பு. ‘யூனிட்’ என்பதற்கு ஆங்கிலத்தின் யு என்னும் ஒற்றை எழுத்தை இட்டால் அது சுழியாகவோ நான்காகவோ தோன்றும். 10 அலகு இன்சுலின் 100 ஆகிவிடும். நாள்தோறும் ஒருமுறை என்பதற்கான இலத்தீனச் சுருக்கத்தின் நடுவே இடும் புள்ளி, ஐ என்னும் எழுத்தாகத் தோன்றி நாளுக்கு நான்கு முறை என்றாகிவிடும்.

இடைவெளியும் இவ்வாறே. எண்ணையும் அலகையும் ஒட்டி எழுதினால், மில்லிகிராமின் முதலெழுத்தாகிய எம் சுழிகளாகத் தோன்றக்கூடும். எல் என்னும் எழுத்தில் முடியும் மருந்துப் பெயரை ஒட்டி 40 என்று எழுதினால் அது 140 என்று படிக்கப்படும். சில எழுத்துருக்களில் ஆங்கிலச் சிற்றெழுத்து எல்லும் ஒன்று என்னும் எண்ணும் பிரித்தறிய இயலாதவை. அங்கே எழுத்துருவின் தேர்வு அழகியற் செயலாக மட்டும் நிற்பதில்லை. அளவைப் பற்றிய முடிவாகவே ஆகிவிடுகிறது.

4. பெரிய எழுத்தும் இந்திய எழுத்துமுறைகளும்

ஆங்கில மருத்துவ எழுத்தின் முதன்மையான காப்புகளுள் ஒன்று பெரிய எழுத்து. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் 2016இல் திருத்தப்பட்டபோது, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்னும் நெறி சேர்ந்தது. அக்குழுமத்தின் இடத்தை 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்றது. 2024 ஜனவரியில் ஒடிசா உயர்நீதிமன்றம், மருந்துச் சீட்டுகளும் பிணக்கூறாய்வு அறிக்கைகளும் தெளிவான கையெழுத்திலோ பெரிய எழுத்திலோ தட்டச்சிலோ அமைய வேண்டும் எனப் பணித்தது. படிக்க இயலாத அறிக்கை நீதி வழங்கலையும் தடுக்கிறது என்பது இதனாற் புலனாகும்.

இதைவிட நுட்பமான பயன்பாடும் உண்டு. ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துப் பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை, அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2001இல் மேற்கொண்ட திட்டத்தின் வழிப் பரப்பியது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரண்டும் புற்றுநோய் மருந்துகள். அளவில் பெரிதும் வேறுபடுபவை. டோபமின், டோபுட்டமின் என்னும் இரண்டும் தீவிர சிகிச்சையில் பயன்படுபவை. சிற்றெழுத்துகளுக்கு இடையே எழுந்து நிற்கும் பெரிய எழுத்துகள் வேறுபாட்டைக் கண்ணுக்கு நேரே காட்டுகின்றன.

தமிழ், கன்னடம், தேவநாகரி, வங்கம் போன்ற எழுத்துமுறைகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆகவே மேற்கண்ட நெறிகள் உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டே எழுதப்பட்டவை. தமிழில் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. டோபமினில் வரும் வல்லொலியையும் டோபுட்டமினில் வரும் மெல்லிய ஒலியையும் உரோமன் எழுத்து இரு வேறு எழுத்துகளால் காட்டுகிறது. தமிழில் இரண்டுக்கும் பகரம் ஒன்றே. தமிழ் ஒலியமைப்புக்கு இச்சிக்கனம் பொருத்தமானதே. தமிழ்ச் சொற்களில் ஒலியின் சூழலே வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆனால் கடன்பெற்ற மருந்துப் பெயரில் சூழல் துணைசெய்வதில்லை. ஒலிபெயர்ப்பின்போது, வேறுபாட்டைக் காட்ட இருந்த சில அடையாளங்களுள் ஒன்று மறைந்துபோகிறது. எனவே மருந்துப் பெயரைத் தமிழில் தரும்போது உரோமன் வடிவத்தையும் உடன் தருதலும், வேறுபடும் அசையைத் தடித்த எழுத்தில் அமைத்தலும் இழந்த காப்பை ஓரளவு மீட்கும்.

5. தமிழில் பெயர்க்கும்போது

மருத்துவ ஆய்வில் பங்கேற்பவருக்குத் தரப்படும் செய்தி, தொழில்நுட்பச் சொற்கள் தவிர்த்து அவருக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டும் என இந்திய விதிகள் கூறுகின்றன. 2005இல் திருத்தப்பட்ட ஒய் அட்டவணையில் இடம்பெற்ற இக்கருத்தை 2019இன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளும் கொண்டுள்ளன. இதன் பயனாக மருத்துவ ஆவணங்கள் தமிழாக்கம் பெறுகின்றன. அப்பணியில் கருதத்தக்க சில இடங்களை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, அலகுச் சுருக்கம். மில்லிகிராமை மி.கி. என்றும் மைக்ரோகிராமை மை.கி. என்றும் சுருக்கினால், இரண்டுக்கும் இடையே நிற்பது ஓர் உயிர்க்குறி மட்டுமே. அளவிலோ ஆயிரம் மடங்கு வேறுபாடு. கிராமுக்கும் கிலோவுக்கும் முதலெழுத்து ஒன்றே. மி.கி., மி.லி. என்பனவும் விரைந்து படிப்போர்க்கு ஒன்றுபோல் தோன்றும். உரோமன் எழுத்திலும் மைக்ரோகிராமின் கிரேக்கக் குறி மில்லிகிராமாகப் படிக்கப்பட்டதனால்தான் அக்குறியைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினர். தமிழில் சுருக்கத்தைக் கைவிட்டு முழுச்சொல்லையே எழுதுதல் தக்கது. இதனால் வரி சிறிது நீளும். நோயாளிக்கு அதனால் தீங்கில்லை.

இரண்டாவது, எதிர்மறை. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் வினைக்கு முன் வருவதால் அதைப் பெரிய எழுத்திலிட்டு முதலிலேயே எச்சரிக்க இயலும். தமிழில் எதிர்மறை தொடரின் இறுதியில் அமைகிறது. ‘மாத்திரையை உடைக்கவும் மெல்லவும் கூடாது’ என்னும் தொடரை நோக்குக. குறுகிய பெட்டியில் அச்சிடும்போது ‘கூடாது’ மட்டும் அடுத்த வரிக்குச் சென்றால், முதல் வரி உடைக்குமாறும் மெல்லுமாறும் கட்டளையிடுகிறது. உம்மை ஏவலுக்கும் எண்ணுப்பொருளுக்கும் பொதுவாக இருப்பதனால் இது நேர்கிறது. ‘மாத்திரையை உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது’ எனப் பிரித்தெழுதி, எதிர்மறையைத் தடித்த எழுத்திலிட்டு, வினையும் எதிர்மறையும் ஒரே வரியில் நிற்குமாறு காத்தல் வேண்டும். இலக்கணமும் அச்சமைப்பும் சந்திக்கும் இடம் இது. இரண்டையும் அறிந்தவர் மொழிபெயர்ப்பாளரே.

மூன்றாவது, கூற்று. 1968இல் லாரன்ஸ் வீட் முன்வைத்த சிக்கல்சார் பதிவுமுறை, நோயாளி சொல்வதையும் மருத்துவர் காண்பதையும் தனித்தனியே பதிய வழிவகுத்தது. ஆங்கிலக் குறிப்பில் நோயாளி தமக்கு மார்புவலி இல்லை என்று கூறியதை ‘மறுத்தல்’ என்னும் பொருள்தரும் வினையால் எழுதுவர். அதை ‘மார்புவலியை மறுக்கிறார்’ என்று தமிழாக்கினால், குற்றச்சாட்டை எதிர்க்கும் தொனி வந்துவிடுகிறது. ‘மார்புவலி இல்லை என்கிறார்’ என்பதே நேரானது. ஆங்கிலத்தில் மேற்கோட்குறி ஆற்றும் பணியைத் தமிழில் ‘என்று’, ‘என’ ஆகியன இயல்பாகவே ஆற்றுகின்றன. நிறுத்தக்குறி அச்சில் வேரூன்றும் முன்பே கூற்றின் எல்லையைச் சொல்லால் காட்டிய மொழி தமிழ். இங்கே நம் மொழி காப்பை இழக்கவில்லை, முன்னமே பெற்றிருக்கிறது.

நான்காவது, எழுத்துரு. ஒருங்குறி 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. எனினும் அதன் பின்னரும் நெடுங்காலம் எட்டுநுண்மி எழுத்துருக்களே பெருவழக்காக இருந்தன. அவற்றில் வெப்பப் பாகைக்கும் கூட்டல்கழித்தற் குறிக்கும் மைக்ரோவுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகள் அமர்ந்தன. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் குறி எழுத்தாகவும் எழுத்து குறியாகவும் மாறின. பழைய கோப்புகளிலிருந்து அறிக்கைகளையும் படிவங்களையும் ஒருங்குறிக்கு மாற்றுவோர் சொற்களைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், எண்களையும் குறிகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

முடிவுரை

எகிப்தியரின் சிவப்பு மை, இலத்தீனச் சீட்டின் வளைந்த கடைக்கோடு, தமிழ் ஏட்டின் யாப்பு, இன்றைய அச்சின் பெரிய எழுத்து ஆகிய அனைத்தும் எழுதியவர் அருகில் இல்லாதபோது அவர் பொருளைக் காக்க ஏற்பட்டவை. எம்மொழிக்கும் எழுத்துமுறைக்கும் இத்தகைய காப்புகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று நேர்நிகர் ஆவதில்லை. இந்திய மருந்துச் சீட்டுகளில் வழங்கும் 1-0-1 என்னும் குறிப்பு, காலை, மதியம், இரவு என்னும் மூன்று வேளைகளையும் மொழி சாராமல் உணர்த்துவது. எளிய நடைமுறையிலிருந்தும் நல்ல எழுத்துமுறை பிறக்கும் என்பதை அது காட்டுகிறது.

கலைச்சொற் பட்டியலுடன் குறிப்பட்டியல் ஒன்றும் மருத்துவ மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இருத்தல் நலம். எந்தச் சுருக்கத்தை விரிக்க வேண்டும், எங்கே சுழி வேண்டும், எங்கே வேண்டா, எவ்விரு சொற்கள் ஒரே வரியில் நிற்க வேண்டும் என்பன அதில் இடம்பெறலாம். அப்பட்டியலை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துவிட முடியாது. தமிழ் எழுத்தின் இயல்பையும் தமிழ்த் தொடரின் அமைப்பையும் ஆராய்ந்தே அதை வகுத்தல் இயலும். அது மொழியியலாளரின் பணி.